பூங்கா நகர்ல பூங்கா எங்கே?

சென்ட்ரலுக்கு எதிர்ல இருக்கிற பார்க் ஸ்டேஷன்ல தினமும் ஆயிரக்கணக்கானவங்க இறங்குறோம். அந்த ஏரியாவுக்குப் பேரே பூங்கா நகர், பின்கோடு 600003. ஆனா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தா கண்ணுல படுறது பஸ், மெட்ரோ, ஆஸ்பத்திரி. பூங்கா மட்டும் இல்லை.

ஒரு காலத்துல இருந்தது. பேரு பீப்பிள்ஸ் பார்க். பரப்பளவு 116 ஏக்கர். கதீட்ரல் ரோடு செம்மொழிப் பூங்காவை மாதிரி அஞ்சு பூங்காவை உள்ளே வைக்கலாம்.

1859-ல் சென்னைக்கு கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவல்யன் போட்ட திட்டம் இது. பக்கத்துல இன்றைய ஜார்ஜ் டவுன், அன்றைக்கு பிளாக் டவுன். அந்த நெரிசலில் வாழ்ந்த ஜனங்களுக்குக் காற்று வாங்க ஒரு இடம் வேணும்னு நினைச்சிருக்கார். இத்தனைக்கும் அயர்லாந்துப் பஞ்சத்துல நிவாரணத்தில் கஞ்சத்தனம் காட்டினார்னு இன்னைக்கும் அங்கே திட்டு வாங்குற மனுஷன் இவர். சென்னையில அவர் ரொம்ப நாள் இருக்கவும் இல்லை. வருமான வரித் திட்டத்தை வெளிப்படையா எதிர்த்ததால 1860-லேயே திருப்பி அழைச்சுட்டாங்க. பூங்கா மட்டும் வளர்ந்தது.

அதோட பெரிய ஈர்ப்பு மிருகக்காட்சி சாலை. 1855-ல் எழும்பூர் மியூசியத்துல எட்வர்ட் பால்ஃபர் ஆரம்பிச்சது, 1860-களின் தொடக்கத்துல இங்கே வந்தது. வருஷக் கடைசியில பெரிய கண்காட்சியும் நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். சென்னையின் மிக மோசமான தீ விபத்துகளில் ஒன்று. நம்மில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கோம்?

சரி, 116 ஏக்கர் எங்கே போச்சு? ஏதாவது ரியல் எஸ்டேட் கும்பல் வளைச்சுப் போட்டிருக்கும்னுதான் முதல்ல தோணும். நடந்தது அது இல்லை. பூங்காவைத் தின்றது எல்லாமே ஊருக்குத் தேவையான விஷயங்கள்.

முதல்ல விக்டோரியா பப்ளிக் ஹால். 1886-ல் 57 கிரவுண்டு நிலத்தை 99 வருஷக் குத்தகைக்கு விட்டாங்க. நகரத்துக்கு ஒரு பொது அரங்கம் வேண்டாமா? அடுத்து மூர் மார்க்கெட். பிராட்வே பக்கம் கடை போட்டவங்களுக்காகக் கட்டி 1900-ல் திறந்தாங்க. பழைய புத்தகத்துக்கு அதைவிட்டா வேற இடம் இல்லைங்கிற அளவுக்குப் பேர் வாங்கினது. அப்புறம் 1913-ல் ரிப்பன் மாளிகை. இது எனக்குக் கொஞ்சம் உறுத்துது. பூங்காவைப் பாதுகாக்க வேண்டிய மாநகராட்சியே அங்கே தனக்கு ஆபீஸ் கட்டிக்கிட்டது.

பிறகு ஸ்டேடியம். 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிரா 413 ரன் ஓப்பனிங் பார்ட்னர்ஷிப் போட்டது இந்தப் பூங்கா மண்ணுலதான். டெஸ்ட்ல 2008 வரைக்கும் உடையாத சாதனை. அந்த ஸ்டேடியம் வேண்டாம்னு அன்னைக்கு யார் சொல்லியிருப்பாங்க?

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழக்கமான கதை. வர்ற ஒவ்வொரு கோரிக்கையும் தனியாப் பார்த்தா நியாயமா இருக்கும், ஓகே சொல்லிடுவோம். மொத்தமா என்ன ஆகுதுன்னு பார்க்குறது யாரோட வேலையும் இல்லை. ஹால் கேட்டவங்க, மார்க்கெட் கேட்டவங்க, ஸ்டேடியம் கேட்டவங்க எல்லாருக்கும் ஒரு குரல் இருந்தது. மரத்தடியில சும்மா உட்கார வந்தவங்க எந்த மீட்டிங்குக்கும் போகலை.

1985-ல் எல்லாம் வேகமா முடிஞ்சது. மே 30-ம் தேதி மூர் மார்க்கெட் எரிஞ்சது. அந்த இடத்துலதான் இப்போ நாம புறநகர் ரயில் ஏறுறோம், அதனாலதான் அந்த முனையத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்னு பேரு. அதே வருஷம் விலங்குகள் எல்லாம் வண்டலூர் போயிடுச்சு. விலங்குகளுக்கு அது நல்லதுதான். அந்த நெரிசலுக்கு நடுவுல இருந்த கூண்டுகளோட வண்டலூர் காட்டை ஒப்பிடவே முடியாது. ஜார்ஜ் டவுன் குழந்தைகளுக்கு மட்டும் நடந்து போற தூரத்துல இருந்த ஒண்ணு, முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போச்சு.

ஒரு துண்டு இன்னும் மிச்சம் இருக்கு. ஸ்டேடியம் பக்கத்துல, ராஜா முத்தையா சாலையில், மை லேடீஸ் பூங்கா. அடுத்த தடவை ரிப்பன் மாளிகைக்கு ஏதாவது வேலையா போனா, அப்படியே நடந்து போய் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வாங்க.