மறிச்சுக்கட்டிக்கும் போ வீதிக்கும் நடுவே

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டுக் கரையில் நின்று தெற்கே பார்த்தால் மன்னார் வளைகுடா. அதன் கிழக்கு ஓரத்தில், பெருநிலப் பக்கமாக இருக்கிறது மறிச்சுக்கட்டி. 1906 இல் அங்கே முத்துக்குளிப்பு நடந்தபோது மேற்பார்வைக்கு வந்த உத்தியோகத்தர்களில் ஒருவர் இருபத்தைந்து வயது லெனார்ட் வூல்ஃப். 1911 இல் அவர் இலங்கையை விட்டுப் போனார். அடுத்த ஆண்டு வர்ஜீனியா ஸ்டீபனை மணந்தார். 1928 இல் இலண்டனில் ‘நேஷன் அண்ட் அதீனியம்’ என்ற வார இதழின் இலக்கியப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தபோது, பெண்ணைக் காதலிக்கும் பெண்ணைக் கதாநாயகியாக வைத்து ராட்கிளிஃப் ஹால் எழுதிய ‘தனிமையின் கிணறு’ வெளிவந்தது. கலையாக அது தேறவில்லை என்று லெனார்ட் மதிப்புரை எழுதினார். ஆனால் அந்த நூலுக்கு அரசின் நெருக்கடி வந்ததும், வர்ஜீனியாவும் ஈ. எம். ஃபார்ஸ்டரும் சேர்ந்து எழுதிய கண்டனம் அதே இதழில்தான் அச்சேறியது. இது மெல்லிய தொடர்பு. இதில் பெரிய பாரத்தைத் தொங்கவிட முடியாது. இருந்தாலும், மன்னாரை ஆண்ட அதிகாரமும் அந்த நாவலை அழிக்கச் சொன்ன அதிகாரமும் ஒன்றேதான் என்பதை அது நினைவுபடுத்துகிறது. பெண்களுக்கிடையிலான காதலை எழுதிய முதல் தலைமுறைக் கதைகளைப் பற்றிப் பேசும்போது, ‘அது வேறெங்கோ நடந்த கதை, நமக்கென்ன’ என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இதுவே போதிய காரணம்.

வழக்கின் விவரங்களைப் பார்ப்போம். 1928 ஜூலை இறுதியில் ஜொனதன் கேப் பதிப்பகம் நாவலை வெளியிட்டது. விலை பதினைந்து சிலிங்; அக்காலத்தில் ஒரு நாவலுக்கு இது அதிகம், மலிவுப் பரபரப்புச் சரக்கு இல்லை என்பதற்கான அடையாளமாகவே அந்த விலையை வைத்தார்கள். பாலியல் ஆய்வாளர் ஹேவ்லொக் எல்லிஸ் முன்குறிப்பு எழுதினார். ஆகஸ்ட் 19 அன்று ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ ஆசிரியர் ஜேம்ஸ் டக்ளஸ், இளையோர் கையில் இந்நூலைக் கொடுப்பதைவிட நஞ்சைக் கொடுக்கலாம் என்ற பொருள்பட எழுதினார். உள்துறை அமைச்சர் ஜோய்ன்சன்-ஹிக்ஸ் அழுத்தம் கொடுக்க, கேப் நூலைத் திரும்பப் பெற்றது. அச்சு வார்ப்புகளைப் பாரிசுக்கு அனுப்பி அங்கிருந்து விற்க முயன்றது. டோவர் துறைமுகத்தில் பிரதிகள் பிடிபட்டன. போ வீதி நீதவான் சேர் சார்ட்ரஸ் பைரன் முன் நவம்பரில் விசாரணை. சாட்சி சொல்ல ஏறத்தாழ நாற்பது பேர் வந்திருந்தார்கள், வர்ஜீனியா வூல்ஃபும் அவர்களில் ஒருவர். இலக்கியத் தரம் பற்றிய சாட்சியம் தேவையில்லை என்று நீதவான் ஒருவரையும் கேட்கவில்லை. நூலை அழிக்க உத்தரவிட்டார். டிசம்பரில் மேன்முறையீடும் தோற்றது. ஹால் 1943 இல் இறந்தார். இங்கிலாந்தில் நாவல் மறுபடி அச்சானது 1949 இல். இவ்வளவுக்கும் அந்த நாவலில் படுக்கையறைக் காட்சி என்று ஒன்று கிடையாது, ஒரு சிறு குறிப்பைத் தவிர.

அப்படியானால் தண்டிக்கப்பட்டது எது? அதே ஆண்டில் கொம்ப்டன் மெக்கென்சி, பெண்களைக் காதலிக்கும் பெண்களை நையாண்டி செய்து ஒரு நாவல் வெளியிட்டார். அதை எவரும் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. அக்டோபரில் வர்ஜீனியாவின் ‘ஒர்லாண்டோ’ வந்தது. தான் நேசித்த வீட்டா சாக்வில்-வெஸ்டுக்கே அர்ப்பணித்து, அவரது ஒளிப்படங்களையும் உள்ளே வைத்து, நூற்றாண்டுகளைக் கடந்து வாழும், நடுவில் ஆண் பெண்ணாகிவிடும் ஒரு பாத்திரத்தின் வாழ்க்கை வரலாறு என்ற வேடிக்கை உடையில் எழுதினார். அதுவும் தப்பியது. கேலி செய்தவருக்கும் மறைபொருளாகச் சொன்னவருக்கும் சட்டம் வழி விட்டது. ‘இவர்கள் குற்றவாளிகள் அல்லர், வாழ உரிமையுள்ளவர்கள்’ என்று சிரிக்காமல், நேராகக் கேட்டவர் மட்டும் அகப்பட்டார். பைரனின் தீர்ப்பும் இதைத்தான் சொல்கிறது: இத்தகைய வாழ்க்கையைப் பழிக்காமல் பரிந்து எழுதியதே அவருக்குக் குறையாகப் பட்டது, எழுத்து நன்றாயிருப்பது குற்றத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்றார். இந்த மனப்போக்கின் வேரை ஏழு ஆண்டுகள் முன்னே காணலாம். 1921 இல் பெண்களுக்கிடையிலான உறவையும் குற்றமாக்கும் ஒரு பிரிவைப் பிரித்தானிய மக்களவை ஏற்றது, பிரபுக்கள் சபை நிராகரித்தது. பரிவினால் அல்ல. பெரும்பாலான பெண்கள் இப்படி ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டதே இல்லை, சட்டம் இயற்றினால் நாமே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும் என்று பிரபுக்கள் அஞ்சினார்கள். ஆண்களைச் சிறைக்கு அனுப்பி ஒடுக்கிய அரசு, பெண்களைப் பெயர் சொல்லாமல் விட்டு ஒடுக்கியது. ஹால் செய்த பிழை, பெயர் சொன்னது.

இங்கே ஒரு மறுப்பு வரும்: இதெல்லாம் வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் பிரச்சினை, கீழைத்தேயத்தில் இப்படி ஒரு எழுத்து இருந்ததில்லை என்று. ஜப்பானை எடுத்துக்கொள்வோம். 1896 இல் பிறந்த யோஷியா நொபுகோ, 1916 முதல் ஒரு சிறுமியர் சஞ்சிகையில் ‘மலர்க் கதைகள்’ என்ற தொடரை எழுதினார்; பள்ளி விடுதிகளில் பெண்பிள்ளைகளுக்கு ஒருவர் மேல் ஒருவர் வரும் ஏக்கமே அவற்றின் பொருள். 1919 இல் எழுதிய ‘மேல்மாடியில் இரு கன்னியர்’ நாவலில் இரு பெண்கள் சேர்ந்து வாழ முடிவெடுக்கிறார்கள். ஜப்பானில் மிக அதிகம் விற்ற எழுத்தாளர்களில் ஒருவரான நொபுகோ, மொன்மா சியோ என்ற பெண்ணுடன் ஐம்பது ஆண்டு அளவில் சேர்ந்து வாழ்ந்தார். சட்டப்படி உறவாக்க வேறு வழி இல்லாததால் 1957 இல் அவரை மகளாகத் தத்தெடுத்தார். நீதிமன்றம் ஏதும் அவரைத் தேடி வரவில்லை. கல்யாணத்துக்கு முன் பெண்பிள்ளைகள் கடந்துபோகும் ஒரு பருவம் என்று சமூகம் அக்கதைகளை வகைப்படுத்திக்கொண்டதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இன்னும் நமக்கு அருகே, 1942 இல், இஸ்மத் சுக்தாய் உருதுவில் ‘லிஹாஃப்’ எழுதினார். கணவன் ஏறெடுத்தும் பார்க்காத ஒரு பேகமும் அவளது பணிப்பெண்ணும். இரவில் அசையும் போர்வையைப் பார்த்துப் பயப்படும் ஒரு சிறுமி கதையைச் சொல்கிறாள். ஆபாச வழக்கு லாகூரில் நடந்தது. இன்ன சொல் ஆபாசம் என்று எவராலும் விரல் வைத்துக் காட்ட முடியாமல் வழக்கு தள்ளுபடியானது. சிறுமிக்குப் புரியவில்லை, ஆகவே சொல்லவில்லை. சொல்லாததால் சட்டத்துக்குப் பிடி கிடைக்கவில்லை. ஆபாசம் பற்றிய ஒரே பிரித்தானியச் சட்ட மரபு, நேராகச் சொன்ன ஹாலைத் தோற்கடித்தது. குழந்தையின் கண்ணால் சொன்ன சுக்தாயை விட்டது. இவ்வகைக் கதைகளின் வடிவத்தை ஆராயும்போது, எழுத்தாளரின் ரசனைக்குக் கொடுக்கும் அளவு கவனத்தை அந்தச் சட்டத்துக்கும் கொடுக்க வேண்டும்.

ஹாலை முன்னோடி என்று கொண்டாடும்போது அவரது குறைகளை மூடி மறைக்கவும் தேவையில்லை. அவரது நாயகி பண்ணைவீட்டுச் செல்வச் சீமாட்டி; ஏழைப் பெண்ணின் காதல் அந்த நாவலின் கண்ணில் படுவதில்லை. தம்மைப் போன்றவர்கள் பிறவியிலேயே வேறாய்ப் படைக்கப்பட்டவர்கள், ஆகவே இரங்குங்கள் என்ற எல்லிஸ் காலத்து மருத்துவ மொழியை அவர் அப்படியே ஏற்றார். பிந்திய தலைமுறைப் பெண்களுக்கு அது கசந்தது நியாயமே. ஆனால் மிகைப்புலம்பல் என்று இலண்டன் விமர்சகர்கள் முகம் சுளித்த ஒன்றை மன்னார்க் கத்தோலிக்கர் வேறு விதமாக வாசிக்கக்கூடும். ஹால் 1912 இல் கத்தோலிக்கத்துக்கு மாறியவர், சாகும்வரை பக்தி குறையாதவர். அவரது நாயகி பாலன் பிறப்புக்கு முன்னிரவில் பிறக்கிறாள். முதல் வேதசாட்சியான முடியப்பரின் பெயரே அவளுக்கு இடப்படுகிறது, ஸ்டீபன் என்று. தாயால் வீட்டை விட்டு அகல்கிறாள். காதலித்தவளின் நன்மைக்காகவே அவளைப் பொய் சொல்லி ஓர் ஆணிடம் அனுப்பிவிடுகிறாள். கடைசிப் பக்கம் இறைவனிடம் ஒரு மன்றாட்டு. இது வேதசாட்சி சரிதையின் கட்டமைப்பு. 1544 இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் வாளுக்குப் பலியானவர்களை இன்றும் நினைவுகூரும் தீவில், பரிசுத்தவான்களின் பாடுகளை விடிய விடிய நாடகமாகவும் வாசாப்பாகவும் ஆடிய கரையில், அந்த வடிவம் எவருக்கும் புதிதில்லை. ஹால் திருச்சபையின் சொந்த இலக்கிய வகையைக் கையில் எடுத்து, அதில் திருச்சபை ஏற்காத ஒருத்தியை வைத்தார். பைரனுக்கு நூல் ஆபாசமாகத் தெரிந்தது. அதைவிடப் பெரிய துணிச்சல் இந்த வடிவத் தேர்வே என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

சரி, ஈழத்தில்? மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914 இல் வந்துவிட்டது; யாழ்ப்பாணக் கிறிஸ்தவப் பெண் ஒருவர், மணவாழ்வில் பெண் படும் துயரை நாவலாக்கினார். தமிழ்நாட்டில் வை. மு. கோதைநாயகி 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். ஹால், நொபுகோ காலத்திலேயே தமிழில் பெண்கள் எழுதிக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் கல்யாணம்தான் அந்த எழுத்தின் களம்: நல்ல கல்யாணம், கெட்ட கல்யாணம், விதவையின் கதி. கல்யாணத்துக்கு வெளியே ஒரு பெண்ணின் வாழ்வை எழுத, அப்படி வாழக் காசும் வீடும் வேண்டும். ஹாலுக்குப் பரம்பரைச் சொத்து இருந்தது. நொபுகோவுக்குச் சஞ்சிகை வருமானம் இருந்தது. சுக்தாய் பட்டதாரி, சம்பளம் வாங்கியவர். கரைவலையும் கருவாடும் பிழைப்பாயிருந்த மன்னார்க் கரையில் பெண் உழைத்தாள், ஆனால் உழைப்பு குடும்பத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. ஏட்டிலும் கொப்பியிலும் எழுதிய கூத்துகள் அண்ணாவிமார் கையில் இருந்தன. மேடையில் அரசகுமாரியின் புலம்பலைப் பாடியதும் சேலை கட்டிய ஆண்தான். பெண்ணின் சொந்தக் குரலில் வந்தது ஒப்பாரியும் தாலாட்டும். கல்யாணம் வேண்டாம் என்ற கத்தோலிக்கப் பெண்ணுக்கு மரியாதையோடு திறந்திருந்த வாசல் கன்னியர் மடம் ஒன்றே. மடத்துக்குப் போனவர்களையெல்லாம் இந்தக் கணக்கில் எழுதுவது அவர்களது அழைத்தலை அவமதிப்பது, வரலாற்றையும் கெடுப்பது. நான் சொல்வது அதைவிடச் சிறியது: வேறு வாசல் இல்லாத இடத்தில் வேறு கதை எழுதப்படாததை, அப்படியான மனம் இல்லாததற்குச் சான்றாக வைக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அகத்திணையில் தலைவியின் நெஞ்சை முழுவதும் அறிந்தவள் தோழி; நெய்தல் கரையில் அவளோடு விளையாடுகிறாள், அவளுக்காகப் பொய் சொல்கிறாள், அவள் மெலிந்தால் தான் வாடுகிறாள். இதைக் கண்டவுடன், இதோ நம் பழம்பெரும் பெண்காதல் இலக்கியம் என்று சிலர் கொடி நாட்டுகிறார்கள். நட்பையெல்லாம் காதலாக வாசித்தால் நட்பு என்ற பெரும்பொருளை இழப்போம். சங்கப் பெண்ணுக்கு இருபதாம் நூற்றாண்டின் அடையாளத்தைச் சூட்டுவதும் பொருந்தாது. இந்த எச்சரிக்கை எனக்கு உடன்பாடு. ஆனால் மரபு எதை விட்டது என்பதையும் கவனிக்கலாம். அத்தனை பேசும் தோழிக்குச் சொந்தமாக ஒரு தலைவன் இல்லை. அவள் யாரை விரும்புகிறாள் என்று கேட்கும் துறையை இலக்கணம் வகுக்கவில்லை. இரண்டு பெண்களின் நெருக்கத்துக்குத் தமிழ் மிகத் தாராளமாக இடம் கொடுத்தது, அந்த நெருக்கம் ஒருத்தியை ஓர் ஆணிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை. ஹாலின் நாயகியும் முடிவில் தோழியின் வேலையைத்தான் செய்கிறாள்.

பெண்களைப் பெயர் சொல்லாமல் விட்ட சட்டத்தின் மௌனம் இலங்கையில் எப்படிக் கலைந்தது என்பது வினோதமான கதை. பிரித்தானியர் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு, இங்கிலாந்துச் சட்டத்தைப் போலவே, ஆண்களுக்கிடையிலான செயல்களை மட்டுமே குறித்தது. குடியேற்ற ஆட்சி முழுவதிலும், அதன் பின் நாற்பத்தேழு ஆண்டுகளும் பெண்கள் அதில் இல்லை. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் கோவையின் பாலியல் குற்றங்கள் பற்றிய அத்தியாயத்தைச் சீர்திருத்தியது. வன்புணர்வு, சிறுவர் துஷ்பிரயோகம் முதலியவற்றில் நல்ல மாற்றங்கள் பலவற்றைக் கொண்டுவந்த சட்டம் அது. அதே கையோடு 365அ வையும் ஆண், பெண் எல்லோருக்கும் பொருந்தும்படி திருத்தினார்கள். 1921 இல் பிரபுக்கள் சபை செய்ய மறுத்ததை, சுதந்திர நாடொன்றின் பாராளுமன்றம் சமத்துவத்தின் பெயரால் செய்து முடித்தது. ரொசானா ஃபிளேமர்-கல்தேரா என்ற செயற்பாட்டாளர் இதை ஐக்கிய நாடுகள் பெண்களுக்கெதிரான பாரபட்ச ஒழிப்புக் குழுவிடம் கொண்டுபோனார். இப்பிரிவு பெண்களின் உரிமையை மீறுகிறது என்று குழு 2022 இல் முடிவு சொன்னது. பிரிவை நீக்கும் தனிநபர் சட்டமூலம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமும் சொன்னது. அந்தச் சட்டமூலம் நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது.