ஊர்திக் குளிர்சாதனம்

ஊர்திக் குளிர்சாதனம் என்பது மகிழுந்து, சரக்குந்து, பேருந்து, ஊர்தி வீடு முதலியவற்றின் உட்புறக் காற்றைக் குளிர்வித்து, அதிலுள்ள ஈரத்தையும் குறைக்கும் அமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது ஏசி எனப்படுகிறது. ஓட்டுநருக்கு முன்னுள்ள முகப்புப் பலகையின் துளைகள் வழியாகக் குளிர்காற்றை அனுப்புவது முகப்புக் குளிர்சாதனம் ஆகும். இது ஊர்தியின் எஞ்சினால் இயக்கப்படுகிறது. கடற்கரை, உப்பளம் போன்ற இடங்களில் உப்பும் ஈரப்பதமும் சேர்ந்து இவ்வமைப்பின் குளிர்விக்கும் திறனைக் குறைக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மரக்காணம் உப்பளப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வரலாறு

அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939ஆம் ஆண்டு குளிர்சாதனம் பொருத்திய மகிழுந்தைக் காட்சிக்கு வைத்து, அடுத்த ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் குளிர்ச்சுருள் வண்டியின் பின்புறத்தில் இருந்தது. அமுக்கியைத் தனியாக நிறுத்த வழி இல்லாததால், குளிர் வேண்டாதபோது எஞ்சினை நிறுத்திப் பட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. பின்னர் வந்த மின்காந்தக் கிளட்ச் இக்குறையை நீக்கியது.

தொடக்கத்தில் ஆர்-12 என்னும் குளிர்பதனி பயன்பட்டது. அது ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987ஆம் ஆண்டின் மொண்ட்ரியால் உடன்படிக்கையின்படி படிப்படியாகக் கைவிடப்பட்டது. 1990களில் ஆர்-134ஏ அதன் இடத்தைப் பிடித்தது. இது ஓசோனுக்குத் தீங்கு செய்வதில்லை. எனினும் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 1,430 மடங்கு புவியை வெப்பமாக்கும் திறன் உடையது. இதனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய மகிழுந்துகளில் இதற்குத் தடை உள்ளது. அங்கு ஆர்-1234ஒய்எஃப் பரவலாகப் பயன்படுகிறது. இந்தியா 2021ஆம் ஆண்டு கிகாலி திருத்தத்தை ஏற்றது. அதன்படி இவ்வகைக் குளிர்பதனிகளின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

செயற்படும் முறை

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டு சேர்க்கிறது. நீர்மம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆவி நீர்மமாகும்போது அவ்வெப்பத்தை வெளியிடும். இவ்விரு மாற்றங்களும் மூடிய சுற்று ஒன்றில் இடைவிடாமல் நடைபெறுகின்றன. சுற்றின் முதன்மை உறுப்புகள் வருமாறு:

1. அமுக்கி (கம்ப்ரசர்): எஞ்சினின் பட்டையால் சுழன்று, குளிர்பதனி ஆவியை அழுத்திச் சூடாக்குகிறது.
2. ஒடுக்கி (கண்டன்சர்): பெரும்பாலும் வண்டியின் முன்புறத்தில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். அலுமினியக் குழாய்களும் மெல்லிய தகடுகளும் கொண்டது. வெளிக்காற்று பட்டு ஆவி இங்கு நீர்மமாகிறது.
3. உலர்த்தி (டிரையர்): சுற்றில் புகுந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது.
4. விரிவு வால்வு: நீர்மத்தை நுண்துளை வழியே விட்டு அதன் அழுத்தத்தைத் திடீரெனக் குறைக்கிறது.
5. ஆவியாக்கி (கூலிங் காயில்): முகப்புப் பலகைக்குள் இருக்கும். ஊதி (ப்ளோயர்) அனுப்பும் காற்று இதன் வழியே சென்று குளிர்கிறது. காற்றின் ஈரம் இதன்மேல் நீராகப் படிந்து, சிறு குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டுகிறது.

ஈரப்பதத்தின் பங்கு

கடற்கரையில் குளிர்சாதனம் வலுவிழந்ததுபோல் தோன்றுவதற்கு எப்போதும் பழுது காரணம் ஆவதில்லை. காற்றில் உள்ள நீராவியை நீராக மாற்றவே குளிர்ச்சியின் பெரும்பகுதி செலவாகிறது. 34 பாகை செல்சியசும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கிலோகிராம் காற்றை 12 பாகைக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 26 கிலோஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். அதே வெப்பநிலையில் ஈரப்பதம் 70 விழுக்காடாக இருந்தால் சுமார் 61 கிலோஜூல் அகற்ற வேண்டும். அப்போது ஏறத்தாழ 15 கிராம் நீரும் பிரிகிறது. உள்நாட்டு ஊர் ஒன்றின் வறண்ட வெயிலில் நன்றாகக் குளிர்வித்த வண்டி, கடலோரத்தில் திணறுவதன் காரணம் இதுவே. ஆகவே துளையில் வரும் காற்றின் வெப்பநிலையை அளக்கும்போது வெளிக்காற்றின் ஈரப்பதத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மரக்காணம் உப்பளக் கடற்கரை

மரக்காணம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ளது. ஊரையொட்டிய உப்பளங்களும், 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஈரநிலமும் இப்பகுதியின் அடையாளங்கள். கோடையில் உப்பு விளைச்சல் மிகுதி. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கி உற்பத்தி நின்றுவிடும். விளைந்த உப்பு சரக்குந்துகளில் ஏற்றி அனுப்பப்படுகிறது.

இங்கு ஊர்திகளை உப்பு மூன்று வழிகளில் அடைகிறது. கரையில் மோதும் அலைகளிலிருந்து கிளம்பும் நுண்துளிகளைக் கடற்காற்று சுமந்து வருகிறது. உப்பு ஏற்றும் இடங்களில் தூள் பறக்கிறது. பாரம் ஏற்றிய வண்டிகளிலிருந்து சொட்டும் உவர்நீர் சாலையில் படிந்து, பின்வரும் சக்கரங்களால் தெறிக்கிறது.

தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது ஈரத்தை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே அவ்வாறு ஆகிவிடும். எனவே ஒடுக்கியின் மேல் படிந்த கடல் உப்பு பகலிலும் முழுவதும் உலர்வதில்லை. மழையே பெய்யாவிட்டாலும் அலுமினியத்தின் மேல் மெல்லிய உவர்நீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. குளோரைடு அயனிகள் அலுமினியத்தின் காப்பு ஆக்சைடு படலத்தைத் துளைத்து ஊசிமுனை போன்ற குழிகளை உண்டாக்குகின்றன. முதலில் மெல்லிய தகடுகள் வெண்பொடியாக உதிர்கின்றன. பின்னர் குழாயே ஓட்டையாகிக் குளிர்பதனி கசிகிறது. இரும்பு மறையாணி அலுமினியத்தைத் தொடும் இடங்களிலும், மின் இணைப்பு முனைகளிலும் அரிப்பு விரைவாக நடக்கிறது.

குளிர் குறைவதற்கான காரணத்தை அறிதல்

எளிய சோதனைகளை முதலில் செய்து, சுற்றைத் திறக்க வேண்டிய சோதனைகளைக் கடைசியில் செய்வது முறை. குளிர்பதனியை நிரப்புவதில் தொடங்கும் வழக்கம் தவறானது.

காற்றோட்டம்: ஊதியை முழு வேகத்தில் வைத்தும் காற்று மெலிதாக வந்தால், வடிகட்டி அடைத்திருக்கலாம், ஊதியோ அதன் மின்தடையோ பழுதாகியிருக்கலாம். தொடக்கத்தில் நன்றாக வந்த காற்று போகப்போகக் குறைந்து, குளிர்சாதனத்தைச் சிறிது நேரம் நிறுத்தியபின் மீண்டால், ஆவியாக்கியின் மேல் பனி உறைகிறது என்று பொருள்.

உட்காற்றுச் சுழற்சி: வெளிக்காற்றை உள்ளிழுக்கும் கதவு மூடாமல் நின்றால், ஈரமான சூடான காற்றையே அமைப்பு ஓயாமல் குளிர்விக்க வேண்டியிருக்கும். கடற்கரையில் இதன் விளைவு மிகுதி. பொத்தானை அழுத்தும்போது ஊதியின் ஒலி மாறுகிறதா என்பதைக் கொண்டு இதனை அறியலாம்.

வெந்நீர்க் கலப்பு: சூடேற்றியின் நீர்வால்வோ கலப்புக் கதவோ சரியாக மூடாவிட்டால், குளிர்ந்த காற்று மீண்டும் சூடாகிறது. சூடேற்றிக்குச் செல்லும் இரு குழாய்களும் கொதிக்கச் சூடாக இருந்து, துளைக் காற்று வெதுவெதுப்பாக வந்தால் இதனை ஐயுறலாம்.

ஒடுக்கி: சாலையில் ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிர் குறைந்தால் ஒடுக்கியின் காற்றோட்டத்தில் குறை உள்ளது. விசிறி சுழல்கிறதா, தகடுகளில் உப்பும் தூசியும் அடைத்துள்ளனவா, தகடுகள் உதிர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

பட்டையும் கிளட்சும்: பட்டை தளர்ந்து வழுக்கினாலோ, உப்பு அரித்த மின்முனையால் கிளட்ச் சரியாகப் பற்றாவிட்டாலோ அமுக்கி தேவையான அளவு சுழலாது.

அழுத்த அளவீடு: மேற்கண்டவை சரியாக இருந்தால் மட்டும் இரு அழுத்தமானிகளை இணைத்துப் பார்க்க வேண்டும். அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் தயாரிப்பாளரின் அட்டவணையே அடிப்படை. பொதுவாக:

- இரு பக்கமும் குறைவு: குளிர்பதனி கசிந்துள்ளது.
- இரு பக்கமும் மிகுதி: ஒடுக்கியில் காற்றோட்டம் போதவில்லை, அல்லது குளிர்பதனி அளவுக்கு மேல் உள்ளது, அல்லது சுற்றில் காற்று புகுந்துள்ளது.
- தாழழுத்தப் பக்கம் மிகுதி, உயரழுத்தப் பக்கம் குறைவு: அமுக்கி தேய்ந்துள்ளது.
- தாழழுத்தப் பக்கம் வெற்றிட அளவுக்கு இறங்குதல்: விரிவு வால்வில் அடைப்பு, அல்லது ஈரம் பனியாக உறைந்துள்ளது.

கசிவும் குளிர்பதனி நிரப்புதலும்

குளிர்பதனி எரிபொருளைப் போல் செலவாவதில்லை. இரப்பர்க் குழாய்கள் வழியே ஆண்டுதோறும் மிகச் சிறிதளவு வெளியேறுவது இயல்பு. ஒரே கோடையில் குளிர் முழுவதும் நின்றுவிட்டால் எங்கோ ஓட்டை உள்ளது. அதனை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் போடுவது பணத்தையும் வீணாக்கி, வளிமண்டலத்தையும் கெடுக்கும். குளிர்பதனியுடன் மசகெண்ணெயும் சேர்ந்து வெளியேறுவதால் நாளடைவில் அமுக்கியும் இறுகிப் பழுதாகும்.

கசிந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். சோப்பு நுரை, புறஊதா ஒளியில் மிளிரும் சாயம், மின்னணுக் கசிவுமானி, நைதரசன் அழுத்தச் சோதனை ஆகியவற்றால் ஓட்டையைக் கண்டறியலாம். பழுது நீக்கியபின் வெற்றிட எக்கியால் சுற்றிலுள்ள காற்றையும் ஈரத்தையும் அகற்ற வேண்டும். சுமார் 4 கிலோபாசுக்கல் அழுத்தத்தில் நீர் 30 பாகையிலேயே கொதித்து ஆவியாவதால் இது இயலுகிறது. உலர்த்தியை மாற்றி, குறிப்பிட்ட எடை குளிர்பதனியைத் தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும்.

நீர்மக் குளிர்பதனி தோலில் பட்டால் உறைபுண் உண்டாகும். கண்ணில் பட்டால் பார்வை பாதிக்கப்படலாம். கையுறையும் கண்காப்பும் தேவை. சமையல் எரிவளி போன்ற எரியும் வளிமங்களை இச்சுற்றில் நிரப்புவது பெரும் தீவிபத்துக்கு இடமளிக்கும்.

ஊர்தி வீடுகளில்

ஊர்தி வீடு என்பது படுக்கை, சமையல், கழிப்பிட வசதிகள் கொண்ட பயண வண்டி ஆகும். கேரள அரசு 2021ஆம் ஆண்டு இத்தகைய வண்டிகளைக் கொண்டு சுற்றுலாத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இவற்றின் முகப்புக் குளிர்சாதனம் பெரும்பாலும் அடிச்சட்டம் செய்யும் நிறுவனத்தால் சிறிய ஓட்டுநர் அறை ஒன்றுக்கென வடிவமைக்கப்பட்டது. அதன்மேல் கட்டப்படும் நீண்ட கூடமும் அகன்ற முன்கண்ணாடியும் அதன் திறனுக்கு மிஞ்சிய சுமை. ஆகவே எல்லா உறுப்புகளும் சரியாக இருந்தும் குளிர் போதாமல் இருக்கலாம்.

இருக்கைகளுக்குப் பின் கனமான திரை கட்டுதல், நிறுத்தும்போது முன்கண்ணாடியை மறைத்தல், எஞ்சினுக்கும் அறைக்கும் இடையிலுள்ள சந்துகளை அடைத்தல் ஆகியவை செலவு குறைந்த தீர்வுகள். பின்கூடத்துக்கு மின்னாக்கியாலோ வெளி மின்சாரத்தாலோ இயங்கும் கூரைக் குளிர்சாதனம் தனியே வேண்டும்.

பராமரிப்பு

உப்பளப் பகுதியில் ஓடும் ஊர்திகளின் ஒடுக்கியை நன்னீரால் அடிக்கடி கழுவுவதே சிறந்த காப்பு. எஞ்சின் ஆறியபின் குறைந்த அழுத்தத்தில் நீர் பாய்ச்ச வேண்டும். உயரழுத்தப் பீச்சு தகடுகளை மடக்கிவிடும். கடலோர ஆழ்துளைக் கிணறுகளில் உவர்நீர் கிடைப்பது உண்டு. அந்நீரால் கழுவினால் உலர்ந்தபின் உப்பே மிஞ்சும். காரம் மிகுந்த சலவைத் தூளும் அலுமினியத்தை அரிக்கும். ஆவியாக்கியின் வடிகுழாய் அடைத்தால் நீர் காலடியில் தேங்கி நாற்றம் வீசும். அதனையும் கவனிக்க வேண்டும். மழைக்காலத்திலும் அவ்வப்போது சில நிமிடங்கள் குளிர்சாதனத்தை இயக்கினால் அமுக்கியின் அடைப்பு வளையங்கள் எண்ணெய் பெற்றுக் காய்ந்துபோகாமல் இருக்கும்.

ஓட்டுநர் நலனும் சட்டமும்

வெப்பமும் புழுக்கமும் ஓட்டுநரின் கவனத்தைக் குறைத்துச் சோர்வை உண்டாக்குகின்றன. ஈரப்பதம் மிகுந்த இடத்தில் வியர்வை ஆவியாகாததால் உடல் தானாகக் குளிர்வதும் தடைப்படுகிறது. இந்திய அரசின் 2023 டிசம்பர் அறிவிக்கையின்படி, 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்ட சரக்குந்துகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருத்தல் கட்டாயம். அதற்கு முன் உற்பத்தியான வண்டிகளுக்கு இவ்விதி பொருந்தாது. புதிய சரக்குந்துகள் உப்பு ஏற்றும் பணிக்கு வரும்போது, அவற்றின் ஓட்டுநர்களுக்கு இவ்வசதி எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பது ஒடுக்கியில் படியும் உப்பை அவ்வப்போது அகற்றுவதைப் பொறுத்தது.

இவற்றையும் பார்க்கவும்

- மரக்காணம்
- கழுவேலி
- உப்பளம்
- அரிமானம்
- மொண்ட்ரியால் உடன்படிக்கை