புண்பட்ட இடம்

நம் சங்கத்து அன்பர்கள் மஞ்சுவிரட்டுக்குப் புதியரல்லர். கொம்பு பட்டு வீழ்ந்தானை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வோர், "இடப்பக்கம் குத்திற்று" என்பர். யாருக்கு இடப்பக்கம்? எதிர்நின்று கண்டார்க்கு இடமாவது வீழ்ந்தானுக்கு வலமன்றோ! வலவிலாவின் கீழிருப்பது கல்லீரல். இடவிலாவின் கீழிருப்பது மண்ணீரல். சொல் பிறழின் மருத்துவர் கருத்தும் பிறழும். ஆதலின், புண்பட்ட இடத்தை நம் முன்னோர் எவ்வாறு குறித்தனர் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பழந்தமிழ்ச் சான்றோர் புண்ணை முன், பின் என்னும் இரண்டிடத்தால் மதித்தனர். முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண். முதுகிற் பட்டது புறப்புண். வெண்ணிப் போரிற் கரிகாலனொடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். புறநானூற்றின் 65, 66-ஆம் பாட்டுக்கள் இதற்குச் சான்று. மார்பிற் பாய்ந்த வேலே முதுகையும் ஊடுருவிற்று என்று அறிஞர் உரைப்பர். அங்ஙனமாயின், வேல் புகுந்த வாயும் வெளிப்பட்ட வாயும் வேறென்று கண்டிருந்தால் நாணுதற்கு இடமேது?

நம் மாவட்டத்து நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சுரத்தைக் காணாதார் சிலரே. அக்கோயிலின் பெயரிலே விளங்கும் விசயாலயன் 9-ஆம் நூற்றாண்டினன். தொண்ணூற்றாறு தழும்பு பெற்ற சோழனென்று விக்கிரம சோழனுலா கூறுவது இவனையே என்பர். புண்ணின் தொகை நமக்குக் கிடைத்தது. அவை பட்ட இடங்கள் கிடைத்தில. புகழுக்குத் தொகை போதும், மருந்துக்குப் போதாது.

அக்குறையை நிரப்பினோர் வர்ம ஆசான்மார். அவர் உடம்பின் வர்மங்களை 108 எனக் கொண்டு, தலை முதற் கழுத்துவரை 25, கழுத்து முதல் உந்திவரை 45, உந்தி முதல் மூலம்வரை 9, கைகளில் 14, கால்களில் 15 எனப் பகுத்தனர். ஓர் உறுப்பினின்று இத்தனை விரலளவு மேல், கீழ் என்று அளந்தும் இடத்தைச் சுட்டினர். அடிபட்ட வர்மம் இன்னதென்று அறிந்த பின்னரன்றி இளக்குமுறை கூறப்படாது.

1847-இல் யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயில் நம்மவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் இரணவைத்தியமும் உடற்கூறும் தமிழ் நூல்களாயின. உடற்கூற்று நூலார்க்குப் பொதுவாகிய விதி ஒன்றுண்டு. உடம்பு நிமிர்ந்து நின்று, முகமும் உள்ளங்கையும் முன்னோக்கியிருப்பதாகக் கொள்ளல் வேண்டும்; இடமும் வலமும் அவ்வுடம்பிற்கு உரியனவேயன்றிக் காண்பார்க்கு உரியனவல்ல. குப்புற வீழ்ந்து கிடப்பினும் இவ்விதி மாறாது.

ஆதலின் அன்பர்காள், புண்பட்டானைக் கொண்டு செல்லும்போது அவனுடைய இடமோ வலமோ என்று முதலிற் கூறுக. முன்னோ பின்னோ என்று அடுத்துக் கூறுக. தோள், விலா, உந்தி, முழங்கால் இவற்றுள் எதற்கு எத்தனை விரல் மேல் அல்லது கீழ் என்று முடிவிற் கூறுக. வாயாற் கூறுவதோடமையாது, புண்ணையும் கையாற் சுட்டிக் காட்டுக. நம் சிறார்க்கும் இதனை இல்லத்திலேயே பயிற்றுவோமாக.