இரண்டாவது மைக்

போன மாசம் என் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். அலுவலக விழாக்களில் மென்டலிசம் செய்கிறவன். அதாவது, நீங்க மனசுல நினைச்ச பேரை மேடையில நின்னு சொல்கிற வித்தை. "மச்சான், புது மைக் வாங்கணும். கையில பிடிக்கிறதா, காதுல மாட்டுற ஹெட்செட்டா? நீ ரெக்கார்டிங்லயே கிடக்கிறவன், சொல்லுடா" என்றான். நான் யோசிக்காமல் ஹெட்செட் என்று சொல்லிவிட்டேன். கவர் பிரிக்கணும், ஸ்லேட்ல எழுதணும், ரெண்டு கையும் வேணுமே.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவன் செய்கிற வித்தைக்கும் காதில் மாட்டுகிற பொருளுக்கும் நடுவில் ஒரு பழைய கணக்கு இருக்கு. இன்றைக்கு அந்தக் கதைதான்.

மைக்கே இல்லாத காலத்திலிருந்து தொடங்கலாம். 1846, பாரிஸ். ராபர்ட் ஹூடின் என்ற மேஜிக் கலைஞர். (நமக்குத் தெரிந்த ஹூடினி தன் பெயரை இவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்.) இவர் கூட்டத்துக்குள் போய் யாரோ ஒருத்தரின் கடிகாரத்தையோ மோதிரத்தையோ கையில் வாங்குவார். மேடையில் கண்ணைக் கட்டி உட்கார்ந்திருக்கும் மகன் எமில் அது என்னவென்று சொல்வான். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "அப்பா கேட்கிற கேள்வியிலேயே பதில் ஒளிஞ்சிருக்கு" என்று சந்தேகப்பட்டார்கள். அதனால் அவர் பேசுவதை விட்டுவிட்டு ஒரு மணியை அடித்தார். பிறகு மணியும் நின்றது, முழு மௌனம்.

கவனிச்சீங்களா? மனசைப் படிக்கிற வித்தையில் முதல் சந்தேகம் எப்பவும் ஒலி மேலதான் விழுது. கொஞ்ச காலம் கழித்து ஜூலியஸ், ஆக்னஸ் சான்சிக் என்ற தம்பதி இதே வித்தையைக் கேள்விகளின் வார்த்தை அமைப்பை வைத்தே செய்து லண்டனைக் கலக்கினார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலே அதை நிஜமான டெலிபதி என்று நம்பினார். பிறகு ஜூலியஸே ரகசியக் குறிகளைப் பத்திரிகையில் எழுதிவிட்டார். துப்பறிவாளரைப் படைத்தவர் ஏமாந்தார் என்பதில் எனக்கு இன்னமும் ஒரு அல்ப சந்தோஷம் உண்டு.

அடுத்து வருகிறவர்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள். சிட்னி பிடிங்டன் ஒரு ஆஸ்திரேலியப் போர் வீரர். 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபோது சிறைப்பட்டு சாங்கியில் அடைக்கப்பட்டார். அங்கே கைக்குக் கிடைத்த ஒரு பத்திரிகையில் டெலிபதி ஆராய்ச்சி பற்றிய கட்டுரையைப் படிக்கிறார். சக கைதியும் பின்னாளில் எழுத்தாளர் ஆனவருமான ரஸ்ஸல் பிராடனைச் சேர்த்துக்கொண்டு, பசியில் கிடந்த கைதிகளுக்கு ஒரு வேடிக்கையாக இந்த வித்தையை உருவாக்குகிறார். போர் முடிந்ததும் லெஸ்லி என்ற நடிகையைக் கல்யாணம் செய்துகொள்கிறார். 1949-இல் இருவரும் பிபிசி வானொலியில்.

வானொலியில் மனசைப் படிக்கிறதா? பார்க்கவே முடியாதே! ஆனால் அவர்களுடைய சாமர்த்தியம் அதில்தான் இருந்தது. சிட்னி லண்டன் ஸ்டுடியோவில் இருப்பார். லெஸ்லி ஒரு வாரம் லண்டன் டவர் கோட்டையில், இன்னொரு வாரம் பறக்கிற விமானத்தில், வேறொரு வாரம் தண்ணீருக்குள் இறக்கிய கூண்டில். ஸ்டுடியோவில் மற்றவர்கள் புத்தகத்திலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு வரியை, லெஸ்லி எங்கேயோ இருக்கும் இன்னொரு மைக்கில் தயங்கித் தயங்கிச் சொல்வார். கேட்டவர்கள் சுமார் 2 கோடி பேர் என்கிறார்கள். இங்கே மைக் என்பது குரலைப் பெரிதாக்குகிற கருவி மட்டும் இல்லை. ரெண்டு இடத்திலும் நடப்பதை நாடே ஒட்டுக்கேட்கிறது, அதனால் மைக்தான் சாட்சி.

அப்போ ரகசிய ரேடியோ? அந்தச் சந்தேகம் நியாயம்தான். ஆனால் டிரான்சிஸ்டர் கண்டுபிடித்தே அப்போது 2 வருஷம்கூட ஆகவில்லை. வால்வு வைத்த ரிசீவரை உடம்பில் ஒளிப்பது லேசான காரியம் இல்லை. எப்படிச் செய்தோம் என்று பிடிங்டன் தம்பதி கடைசிவரை சொல்லவே இல்லை.

பிறகு கருவிகள் சிறுத்தன. 1953-இல் ஷூர் நிறுவனம் மேடைக் கலைஞர்களுக்காக வேகபாண்ட் என்ற வயர்லெஸ் மைக்கை விற்றது. 1964-இல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி' படத்துக்காக ரெக்ஸ் ஹாரிசனின் டைக்குள்ளேயே மைக் போய்விட்டது. மேடையில் இருப்பவரின் குரலை ரேடியோ வெளியே கொண்டுபோகும் என்றால், வெளியே இருப்பவரின் குரலை அதே ரேடியோ அவர் காதுக்குள் கொண்டுவரவும் செய்யும், இல்லையா?

1986, அமெரிக்கா. பீட்டர் பாப்பாஃப் என்ற மதப் பிரசங்கியார். ஆயிரக்கணக்கானோர் கூடும் அரங்கில், முன்பின் தெரியாதவர்களின் பெயர், முகவரி, நோய் எல்லாவற்றையும் கடவுள் சொன்னதாகச் சொல்வார். மாத்திரைகளை மேடையை நோக்கி வீசி எறியச் சொல்வார். இதய நோயாளிகள்கூட எறிந்தார்கள். இந்த இடத்தில் வித்தை வேடிக்கை இல்லை, உயிர்.

மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ரேண்டியின் குழு கூட்டத்துக்குள் போனது. பாப்பாஃபின் காதில் ஏதோ இருந்தது. எல்லோரையும் குணமாக்குகிறவருக்குக் காது கேட்கும் கருவி எதற்கு? எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஒருவர் ஸ்கேனரோடு அலைவரிசைகளைத் தேடினார். 39.17 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெண் குரல். பாப்பாஃபின் மனைவி எலிசபெத். மக்கள் உள்ளே வரும்போது எழுதிக் கொடுத்த பிரார்த்தனைச் சீட்டுகளைப் பார்த்து, பெயரையும் வியாதியையும் கணவரின் காதுக்குப் படித்துக்கொண்டிருந்தார். மேடையில் ஒரு மைக், மறைவில் இன்னொரு மைக். கூட்டத்துக்குத் தெரிந்தது முதல் மைக் மட்டும்தான்.

ரேண்டி அந்தப் பதிவை ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சியில் படத்தோடு சேர்த்துப் போட்டுக் காட்டினார். அடுத்த வருஷம் பாப்பாஃப் திவால் மனு போட்டார். பல வருஷம் கழித்து டிவிக்குத் திரும்பியும் வந்துவிட்டார், அது வேறு எரிச்சல்.

அதற்குப் பிறகு மனசைப் படிக்கிற யார் காதிலும் ஒரு பொருள் சும்மா இருக்க முடியுமா? ஹெட்செட்டில் குரல் நன்றாகவே வரும். ஆனால் கடைசி வரிசையில் இருக்கிறவருக்கு அது வாய்ப்பக்கம் போகிற மைக்கா, காதுக்குள் போகிற இயர்பீஸா என்று எப்படித் தெரியும்? காலர் மைக்கில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சட்டை உரசும், ஸ்பீக்கர் பக்கம் போனால் வீல் என்று அலறும். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 மாதிரி கையில் பிடிக்கிற மைக் முன்னால் இருக்கும் வாயைத்தான் முக்கியமாகக் கேட்கும், பின்பக்க இரைச்சலைக் குறைத்துவிடும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. மென்டலிசத்தில் கிளைமாக்ஸ் வசனம் கலைஞனுடையது இல்லை. "ஆமா, எங்க பாட்டி பேர்தான் நினைச்சேன்" என்று பார்வையாளர் சொல்கிறாரே, அதுதான். அது கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் வித்தையே நடக்கவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி அவர் வாயில் வைக்க முடியாது. கையில் இருக்கிற மைக்கை நீட்டலாம்.

மறுநாள் அவனுக்கு போன் பண்ணி, "நேத்து சொன்னதை மறந்துடுடா" என்றேன். "அப்போ கவரை எப்படிடா பிரிக்கிறது?" என்றான். "ஒரு ஸ்டாண்டும் வாங்கு" என்றேன். வாங்கிவிட்டான். பார்வையாளருக்கு என்று இன்னொரு மைக்கும் சேர்த்து. பில்லை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான், ஏன் என்று தெரியவில்லை.