செர்மாட்டில் கோடைக்கால நடைப்பயணம்
செர்மாட் என்பது சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள மலையூர் ஆகும். இன்று இது பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்றது. எனினும் இவ்வூரை முதலில் உலகறியச் செய்தது கோடைக்காலமே. 1865 சூலை 14 அன்று எட்வர்டு விம்ப்பர் குழுவினர் எழுவர் 4,478 மீட்டர் உயர மாட்டர்ஹோர்ன் சிகரத்தை முதன்முதலாக அடைந்தனர். இறங்கும்போது நால்வர் வீழ்ந்து இறந்தனர்.

நடைப்பயணிகள் அத்துணை இடர்ப்பட வேண்டியதில்லை. 1898இல் திறக்கப்பட்ட பற்சக்கரத் தொடருந்து 3,089 மீட்டர் உயரத்திலுள்ள கோர்னர்கிராட் வரை செல்கிறது. அதில் ஏறிச் சென்று ஊர் நோக்கி நடந்து இறங்குவோர் பலர். ரோட்டன்போடன் நிலையத்திற்கு அருகே ரிஃபல்சே ஏரி உள்ளது. காற்று எழுமுன் சென்றால் சிகரம் முழுவதும் நீரில் தலைகீழாகத் தெரியும். பிற்பகலில் இடிமழை வரக்கூடும் என்பதாலும் காலையே ஏற்றது. வழியிலுள்ள மஞ்சள் பலகைகள் தொலைவை அன்றி நடைநேரத்தையே குறிக்கின்றன; இளைப்பாறும் நேரம் அதில் சேராது.

கோர்னர்கிராட்டிலிருந்து காணும் கோர்னர் பனியாறு பல பத்தாண்டுகளாகச் சுருங்கி வருகிறது. ஆண்டு முழுவதும் பனிச்சறுக்கு நடைபெறும் தியோடுல் பனியாற்றிலும், உருகல் மிகுந்தமையால் 2022 சூலை இறுதியில் கோடைச் சறுக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.