மையித்துக்கு ஊர் செய்யும் கடமை: கல்முனைக் கரையில் மரண அச்சத்தின் வரலாறு

2020ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அக்கரைப்பற்றிலும் கல்முனைப் பகுதியிலும் கொரோனா பரவியபோது, காய்ச்சல் கண்ட சிலர் வைத்தியசாலைக்குப் போகத் தயங்கினார்கள். உயிருக்குப் பயந்தவர் வைத்தியரைத் தேடி ஓடுவதுதான் வழக்கம். இங்கே பயம் ஆளை எதிர்த்திசையில் இழுத்தது. வைத்தியசாலையில் மௌத்தானால், அதாவது இறந்தால், உடலை எரித்துவிடுவார்கள் என்பதே அந்தப் பயம். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் முஸ்லிம் ஊர்களில் மனிதர் எதற்கு அஞ்சினர், அந்த அச்சத்தை எதைக் கொண்டு தணித்தனர் என்பதை விளங்கிக்கொள்ளச் சில நூற்றாண்டுகள் பின்னே போகவேண்டியிருக்கிறது.

அமெரிக்கச் சிந்தனையாளர் ஏர்னஸ்ட் பெக்கர் 1973இல் வெளியிட்ட ‘மரண மறுப்பு’ நூலில், தான் அழியப்போகிறோம் என்ற அறிவை மறைப்பதற்காகவே மனிதன் பண்பாட்டைக் கட்டியெழுப்புகிறான் என்று வாதிட்டார். இக்கரைக்கு அது பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்டதும் கடையைச் சாத்திவிட்டு நடக்கும் ஊர் மரணத்தை மறைப்பதில்லை. 1907இல் மரணச் சடங்குகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சு அறிஞர் ரொபர்ட் ஹேர்ட்ஸ் இன்னும் நெருங்கி வருகிறார். இறந்தவரின் உடல், அவரது ஆன்மா, உயிரோடிருப்போர் ஆகிய மூன்றின் கதியும் ஒன்றோடொன்று பிணைந்தது என்றார் அவர். உடலுக்குச் செய்யவேண்டியது தடைப்பட்டால் மற்ற இரண்டுக்கும் நிம்மதியில்லை.

நமக்குக் கிடைக்கும் பழைய அடுக்கு கடலோடு சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ், ஓட்டை விழுந்து மூழ்கப் பார்த்த கப்பலைத் தம் கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்துக் காத்தார் என்ற கறாமத்துக் (அற்புதக்) கதை சோழமண்டலக் கரையிலும் இலங்கையின் கிழக்கிலும் ஒருங்கே வழங்குகிறது. அவர் பெயரில் கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் ஏறத்தாழ 200 ஆண்டுகளாகக் கொடியேற்றம் நடந்துவருகிறது. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடி ஏறி, 12 நாள் மௌலிது ஓதி, கந்தூரிச் சோற்றோடு நிறைவுறும். தோணியில் போகிறவனுக்கும் அவன் வீட்டாருக்கும் இந்த நேர்ச்சை உயிர்ப்பயத்துக்கு மருந்தாக இருந்தது. றிபாயி றாத்திப் என்ற சூபி வழிபாட்டில் பாவாமார் எனப்படும் பக்கீர்கள் கம்பியையும் கத்தியையும் உடலில் ஏற்றுவதைக் கூடிநின்று பார்த்ததும் அச்சத்தைப் பழக்கும் வழிகளில் ஒன்றுதான்.

மௌத்துக்குப் பின் என்ன என்ற கேள்விக்குத் தமிழிலேயே விடை இருந்தது. 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா’ சொர்க்கம், நரகம், மறுமை ஆகியவற்றைக் கேள்வியும் பதிலுமாக விரிக்கிறது. கேள்விக்கு விடை உண்டு, அதைக் கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பிற்காலத் தல்கீன் வரை நீண்டது. கபுறை (புதைகுழியை) மூடியதும் தலைமாட்டில் இருந்து, முன்கர், நகீர் என்ற மலக்குகள் கேட்கப்போவதற்கான பதிலை ஆலிம் ஒருவர் மையித்துக்கு (இறந்தவரின் உடலுக்கு) எடுத்துச் சொல்கிறார். கடைசி நேரத்திலும் ஒருவனைத் தனியே விட ஊர் ஒப்பவில்லை.

இந்தக் கடமையை அருகே சென்று பார்ப்பது அவசியம். சக்கறாத்தில், அதாவது உயிர் பிரியும் தறுவாயில், கிடப்பவரின் பக்கத்தில் யாசீன் ஓதுவார்கள், கலிமாவை மெல்லச் சொல்லிக்கொடுப்பார்கள். உயிர் பிரிந்ததும் கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டுவார்கள். ஆணை ஆண்களும் பெண்ணைப் பெண்களும் குளிப்பாட்டுவார்கள். உடலின் மறைக்கவேண்டிய பகுதி குளிப்பாட்டுகிறவர் கண்ணுக்கும் படாதபடி சீலை விரிந்திருக்கும். வயிற்றை மெதுவாக அழுத்தித் துப்புரவு செய்து, வுழூச் செய்வித்து, வலப்புறம் முதலும் இடப்புறம் பின்னுமாக ஒற்றைப்படை எண்ணிக்கையில் தண்ணீர் ஊற்றி, கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலப்பார்கள். ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. பிறகு உடலைத் தாங்கிய சந்தூக்கு தோளுக்குத் தோள் மாறி மையவாடிக்குப் போகும். கபுறில் வலப்பக்கமாகச் சரித்து, முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்பி வைப்பார்கள். இக்கரையில் கிப்லா மேற்கே இருப்பதால் மையித்து கடலுக்கு முதுகு காட்டியே கிடக்கும். வந்தவர்கள் மும்மூன்று பிடி மண் போடுவார்கள், பிறகு மீசான் கட்டை நடப்படும். இந்த வேலையை ஊரில் சிலர் செய்தால் எல்லோர் பொறுப்பும் நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுதும் பாவத்துக்குள்ளாகும் என்பது பர்ளு கிபாயாச் சட்டம். மூன்று, ஏழு, நாற்பதாம் நாள் கத்தமும், விதவையின் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவும் இதன் தொடர்ச்சி. சிறுவயதிலிருந்து இவற்றைக் கண்டு வளர்ந்த ஒருவருக்குத் தன் மௌத்துக்குப் பிறகு எந்தக் கைகள் தன்னைத் தொடும் என்பது ஏறக்குறையத் தெரியும். மரண அச்சத்தைத் தணித்த பெரும் பலம் இந்த உறுதியே என்பது என் முடிபு.

தப்லீக் ஜமாஅத்தும், பிறகு தவ்ஹீத் இயக்கமும் பரவியபோது தல்கீனும் கத்தமும் கொடியேற்றமும் கேள்விக்குள்ளாயின. தர்க்கம் கடுமையாகவே நடந்தது. ஆனால் குளிப்பாட்டல், கபனிடல், தொழுகை, அடக்கம் ஆகிய நான்கையும் எவரும் தொடவில்லை. வலியுல்லாஹ்விடம் கேட்பதா, அல்லாஹ்விடம் மட்டும் கேட்பதா என்று பிரிந்தவர்களும் சந்தூக்கின் கீழ் ஒன்றாகவே தோள் கொடுத்தார்கள்.

தன் மையித்துக்கு ஊர் கடமை செய்யும் என்ற அந்த உறுதியை உள்நாட்டுப் போர் வேறு பக்கத்தால் அரித்தது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிகளில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட பின், அம்பாறைக் கரையிலும் பள்ளிக்குப் போவதும் தூர வயலுக்குப் போவதும் பயத்துக்குரிய காரியங்களாயின. அதே ஆண்டு ஜூனில் இராணுவம் கல்முனைக்குள் மீண்டும் நுழைந்தபோது தமிழர் பலர் கொல்லப்பட்டதையும் சேர்த்தே இந்த வரலாற்றை எழுதவேண்டும். உடல் கிடைக்காத துக்கம் இரு சமூகத்துக்கும் பொதுவாயிற்று. கல்முனைக் கவிஞர் சோலைக்கிளி 1988இலேயே தம் தொகுப்புக்கு ‘எட்டாவது நரகம்’ என்று பெயரிட்டிருந்தார். ஏழு நரகங்களைக் கேட்டு வளர்ந்த ஊரில் எட்டாவது ஒன்று உயிரோடிருக்கும்போதே வந்துவிட்டது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பின்னாகக் கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான், ஏறத்தாழ 10,000 பேர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகியவற்றின் கடலோரத் தெருக்கள் இல்லாமற்போயின. அன்று உயிர்பிழைத்தோருக்கு முன் நின்ற முதற்பிரச்சினை மையித்துகள். குளிப்பாட்ட ஆளில்லை, கபன் துணி போதவில்லை, ஒரே குழியில் பலரை வைக்க நேர்ந்தது. மார்க்கச் சட்டம் இங்கே இளகிக் கொடுத்தது. நிர்ப்பந்தத்தில் கூட்டாக அடக்கலாம், நீரில் மூழ்கி இறந்தவர் மறுமையில் ஷஹீதின் (உயிர்த்தியாகியின்) அந்தஸ்துப் பெறுவார், உடல் கிடைக்காதவருக்குக் காயிப் ஜனாஸாத் தொழலாம் என்று ஆலிம்கள் எடுத்துச் சொன்னார்கள். இது தண்டனையா சோதனையா என்ற விவாதம் குத்பாக்களில் நீண்டது. களுத்துறைக் கரையில் பின்வாங்கிய அலை அல்லாஹ்வின் பெயரை எழுதியதாகச் சொல்லப்பட்ட செய்மதிப் படமும் நாடெங்கும் சுற்றியது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த விவாதத்தைவிட ஷஹீது என்ற ஒன்றே பற்றிக்கொள்ளக் கூடியதாக இருந்தது.

வெளியிலிருந்து உளவளத்துணையாளர்கள் ஏராளமாக வந்தார்கள், அவர்களில் பலர் நல்லதும் செய்தார்கள். ஆயினும் 2007இல் வெளியான சர்வதேச மனிதாபிமான அமைப்புகளின் உளநல வழிகாட்டி, மக்களின் சமயச் சடங்குகளுக்கு வழிவிடுவதையும் சிகிச்சையின் பகுதியாகச் சேர்த்தது. சடலங்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதையும் சுகாதார நிறுவனங்கள் அக்காலத்திலேயே தெளிவாக எழுதிவைத்தன. பதினைந்து ஆண்டுகளில் இலங்கை அரசு இவ்விரண்டையும் மறந்தது.

அந்த மறதிக்குச் சற்று முன்பு, உயிர்த்த ஞாயிறுத் தற்கொலைக் குண்டுத் தாக்குதலின் பின் 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் தாக்குதல்தாரிகளின் குடும்பத்தினர் தங்கியிருந்த வீட்டில் வெடிப்பும் துப்பாக்கிச் சமரும் நடந்து 15 பேர் இறந்தனர், அவர்களில் ஆறு பேர் குழந்தைகள். தாக்குதல்தாரிகளின் உடல்களைப் பொறுப்பேற்பதில்லை என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஊர் தன் கடமையை மறுப்பதும் ஒரு தீர்ப்பு என்பதை எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட மறுப்பு, குற்றமேதும் செய்யாதவர்கள் மீது ஓராண்டுக்குள் விழுந்தது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கவும் எரிக்கவும் இயலும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாளேயான குழந்தையொன்று பெற்றோரின் சம்மதமின்றிக் கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் கபன் துணிபோன்ற வெள்ளைச் சீலைகளைப் பல சமயத்தவரும் கட்டினார்கள். 2021 பெப்ரவரி 25இல் ஆணை மாற்றப்பட்டது. இரணைதீவில் அடக்கும் திட்டம் அங்குள்ள மக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட, மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. கல்முனையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர். ஒருசில உறவினர் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர், ஊர் கூடிக் குளிப்பாட்ட வழியில்லை. 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே அடங்கியுள்ளன.

இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2020 முடிவில் நாடு முழுவதும் பதிவான கொரோனா மரணங்கள் 200 அளவில்தான். 2021 ஆகஸ்ட் இறுதியிலோ ஒரே நாளில் 200ஐத் தாண்டின. ஆனால் முஸ்லிம் ஊர்களின் கலக்கம் உச்சத்திலிருந்தது முந்திய கட்டத்திலே. மரணம் பலமடங்கு பெருகிய பிந்திய கட்டத்தில், தூரத்திலாயினும் ஒரு கபுறு நிச்சயம் என்றிருந்தபோது, அதே குரல் அத்தனை உரக்க எழவில்லை. அச்சம் மரணத்தின் எண்ணிக்கையைப் பின்தொடரவில்லை, மையித்தின் கதியைப் பின்தொடர்ந்தது.

2022 மார்ச்சுக்குப் பிறகு ஜனாஸாக்கள் மீண்டும் ஊர் மையவாடிகளுக்கே வந்தன. 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குப் போய் ஸியாறத் (தரிசனம்) செய்யக் கபுறு இல்லை. எந்த அறிவியல் ஆதாரத்தை வைத்து, எவருடைய பரிந்துரையில் அந்த ஆணை பிறந்தது என்று விசாரித்துச் சொல்லும்படி முஸ்லிம் சமூகம் இன்றும் கேட்டுவருகிறது.