கொள்ளைநோயும் படமாளிகையும்

போர் மூண்டால் படமாளிகைகள் மூடப்படும் என்று எண்ணுகின்றோம். 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் போர் தொடங்கியவுடன் பிரித்தானிய அரசாங்கம் அந்நாட்டுப் படமாளிகைகளை மூடிற்று என்பது உண்மையே. ஆனால் இரண்டு வாரம் முடியுமுன் அவற்றிற் பெரும்பாலானவை திறக்கப்பட்டுவிட்டன. பின்னர் குண்டு பொழிந்த இரவுகளிலும் இலண்டன் மக்கள் படம் பார்த்தனர். போரினாற் செய்ய முடியாததைக் காய்ச்சல் செய்திருந்தது. 1918ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி மாலை ஆறு மணிக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் படமாளிகைகள் அடைக்கப்பட்டன. சலனப்படத் தொழிலின் தலைநகராய் அக்காலத்திலேயே விளங்கிய அந்நகரில் அவை மறுபடி திறக்கப்பட்ட நாள் டிசெம்பர் 2. இடையிற் கழிந்தவை 52 நாட்கள்.

கொள்ளைநோய் வந்தபோது மக்கள் படம் பார்க்கும் வழக்கம் என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள். ஐக்கிய அமெரிக்காவை எடுத்துக்கொண்டதன் காரணம், அங்கே இத்தொழில் நூறு வருட இடைவெளியில் இருமுறை இச்சோதனைக்கு உள்ளாகி, இருமுறையும் வெவ்வேறு விதமாய் வெளிவந்தமையே. 2020ஆம் ஆண்டைப் பற்றி வாசகர்களுக்கு யான் சொல்லவேண்டியது அதிகமில்லை. நாம் எல்லோரும் அதற்குள் இருந்தவர்கள். ஆகையால் 1918இலேயே சற்று அதிகம் தங்குவேன்.

அக்காலத்திற் சலனப்படம் பேசக் கற்கவில்லை. திரையில் உருவங்கள் ஊமையாய் ஆடின. பக்கத்தில் ஒருவர் பியானோ வாசித்தார். பெரிய மாளிகைகளில் வாத்தியக் குழுவே இருந்தது. தொழிலாளரும் பிறநாடுகளிலிருந்து குடியேறியோரும் சில சதங்களுக்கு உலகை மறந்திருக்க அதனிலும் மலிவான இடம் வேறில்லை. அரசாங்கத்துக்கும் அவ்விடம் வேண்டியிருந்தது. போருக்கு ஆதரவு தேடும் 'நான்கு நிமிட மனிதர்' என்னும் பேச்சாளர்கள், ஒரு சுருளைக் கழற்றி மறு சுருளை மாட்டும் இடைநேரத்தில் எழுந்து பேசினார்கள். நான்கு நிமிடம் என்ற கணக்கு அந்த இடைநேரத்தின் கணக்கே.

இத்தகைய இடத்திலேதான் இன்புளுவென்சா புகுந்தது. பிலடெல்பியா நகரில் செப்டெம்பர் 28ஆந் திகதி போர்க்கடன் திரட்டுவதற்காக ஊர்வலம் நடத்தினார்கள். ஏறத்தாழ 200,000 பேர் கூடினார்கள். ஒரு வாரம் முடியுமுன் பாடசாலை, தேவாலயம், படமாளிகை யாவற்றையும் மூடவேண்டியதாயிற்று. நோயை உண்டாக்குவது எது என்பதே அன்று தெளிவில்லை. மனிதரைப் பீடிக்கும் இன்புளுவென்சா வைரசு பிரித்தெடுக்கப்பட்டது 1933இலேதான். பயன்தரும் மருந்துமில்லை, தடுப்பூசியுமில்லை. சுகாதார அதிகாரியின் கையிலிருந்த பெரிய ஆயுதம் பூட்டு. அது தொழிற்சாலையில் விழவில்லை. அங்கே போருக்கான தளபாடங்கள் செய்தார்கள். கடைகளிலும் பெரும்பாலும் விழவில்லை. படமாளிகையில் விழுந்தது. எங்களை மட்டும் அடைத்துவிட்டுக் கடைகளிலே சனம் நெருங்குவதைப் பார்த்திருப்பது என்ன நியாயம், மூடுவதானால் எல்லாவற்றையும் சில நாட்களுக்கு மூடுங்கள் என்று லொஸ் ஏஞ்சல்ஸ் படமாளிகைச் சொந்தக்காரர்கள் வழக்காடினார்கள். அவர்கள் சொன்னதிற் சுயநலம் இருந்தது. நியாயமும் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

நியூயோர்க் நகரம் வேறு வழியிற் சென்றது. அதன் சுகாதார ஆணையாளர் றோயல் கோப்லண்ட் ஹோமியோபதி பயின்ற கண் வைத்தியர். பின்னாளில் செனற் சபையில் அங்கம் வகித்தவர். நல்ல காற்றோட்டமுள்ள மாளிகைகளை மூட அவர் மறுத்தார். மூடிவிட்டால் மக்கள் எங்கே போவார்கள்? காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கக் குடியிருப்புகளுக்குள்ளேதான் அடைந்துகிடப்பார்கள். அதனிலும் விசாலமான மாளிகை மேல் என்பது அவர் வாதம். ஆகவே மூடுவதற்குப் பதிலாக, கடைகளும் காரியாலயங்களும் படமாளிகைகளும் தொடங்கும் நேரங்களை வேறுவேறாக வகுத்து, சுரங்க ரயிலில் ஏறும் கூட்டத்தைக் குறைக்க முயன்றார். மாளிகைக்குள்ளே புகைபிடித்தல் தடுக்கப்பட்டது. இருமுவோரையும் தும்முவோரையும் வெளியே அனுப்புமாறு கட்டளை பிறந்தது. காற்றோட்டமற்ற சிறு கொட்டகைகள் மட்டும் மூடப்பட்டன. நியூயோர்க்கின் இறப்பு வீதம் பொஸ்டன், பிலடெல்பியா நகரங்களினதிலும் குறைவாயிருந்தது. படமாளிகையைத் திறந்துவைத்ததால் விளைந்த நன்மை இது என்று எவரும் கொள்ளற்க. காசநோயாளரைத் தேடிக் கண்காணித்துப் பல வருடம் பழகிய சுகாதாரப் பகுதியொன்று அந்நகரில் இருந்ததை மறத்தலாகாது.

அந்நகரில், பிராட்வே வீதியிலுள்ள ஸ்ட்ராண்ட் மாளிகையில், ஒக்டோபர் 20ஆந் திகதி சாளி சப்ளினுடைய 'ஷோல்டர் ஆர்ம்ஸ்' என்னும் படம் திரையிடப்பட்டது. பதுங்குகுழியில் வெள்ளத்துக்குள்ளே படுத்துறங்கும் போர்வீரனாகவும், மரக்குற்றி வேடம் பூண்டு பகைவரை ஏமாற்றுபவனாகவும் சப்ளின் அதில் வருவார். போர் இன்னும் முடியவில்லை. வெளியே நோய் உச்சத்தில் நின்றது. ஆயினும் மக்கள் திரண்டு வந்தார்கள். அம்மாளிகையின் முகாமையாளர் ஹரல்ட் எடல் என்பவர் பூரித்துப்போய், உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு சனங்கள் வருகிறார்களே, இப்படத்துக்கு இதனிலும் பெரிய பாராட்டு ஏது என்னும் கருத்துப்படத் தொழிற் பத்திரிகையொன்றில் எழுதினார். அதிக நாட் செல்லவில்லை. அவரையும் இன்புளுவென்சா கொண்டுபோயிற்று. இதனை முதன்முறை வாசித்தபோது யான் சிரித்தேன். மறுகணம் சிரித்ததற்காக வெட்கினேன். மாளிகையைத் திறந்துவைத்த மனிதர் பேராசைக்காரரும் அல்லர், கொடியவரும் அல்லர். நிறைந்த கூட்டத்தைக் கண்டு மகிழ்ந்தவர், அவ்வளவே.

திரைக்கு முன்னாலிருந்தோர் மட்டுமன்றித் திரையில் நின்றோரும் தப்பவில்லை. மேற்சொன்ன படம் வெளிவருவதற்கு முதல்நாள் புகழ்பெற்ற நடிகர் ஹரல்ட் லொக்வுட் நியூயோர்க்கில் 31 வயதில் இறந்தார். ருஷியரின் அபிமான நட்சத்திரமாகிய வேரா ஹொலொட்னாயா 1919 பெப்ரவரியில் ஒடெசா நகரில் 25 வயதில் மறைந்தார்.

இதற்கிடையிற் படத் தயாரிப்பாளரின் சங்கம் ஒரு முடிவுக்கு வந்தது: ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நான்கு வாரங்களுக்குப் புதிய படம் எதனையும் வெளியிடுவதில்லை. இம்முடிவு நம் கவனத்துக்கு உரியது. அக்காலத்துப் படத்துக்குப் படமாளிகையைத் தவிர வேறு போக்கிடமில்லை. கதவு அடைபட்டால் சரக்கைப் பெட்டியில் வைத்துக் காத்திருக்க வேண்டியதே. வீட்டிற் படம் காட்டும் எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை என்பதல்ல. எடிசன் 1912ஆம் ஆண்டிலேயே அதற்கொரு கருவி செய்து விற்றுப் பார்த்தார். அது விலைபோகவில்லை. வீட்டுக்கென்று பரவலாய் வந்த 16 மில்லிமீற்றர் படச்சுருள் 1923இலேதான் தோன்றியது.

அப்படியாயின் அடைபட்ட வாரங்களில் வீட்டிலிருந்தோர் என்ன செய்தார்கள்? கிராமபோன் வைத்திருந்தோர் இசைத்தட்டுக் கேட்டார்கள், பியானோ உள்ளவர்கள் அதனைச் சுற்றி நின்று பாடினார்கள், சீட்டு விளையாடினார்கள், புத்தகம் வாசித்தார்கள். வானொலி இல்லை, பிற்ஸ்பேர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் ஒலிபரப்பத் தொடங்கியது 1920 நவம்பர் 2ஆந் திகதி. தொலைபேசியில் ஊர்க்கதை பேசலாமென்றால், இணைப்புக் கொடுக்கும் பெண்கள் பலர் நோயிற் கிடந்தமையால், அவசியமின்றி அழைக்கவேண்டாமெனத் தொலைபேசிக் கம்பனிகள் விளம்பரம் செய்தன. வீட்டிலுள்ள எதுவும் படத்துக்கு ஈடாகவில்லை. ஆகவே பூட்டுத் திறந்தவுடன் மக்கள் பழைய இடத்துக்கே ஓடினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் நவம்பர் 16ஆந் திகதி மாளிகைகள் திறந்தபோது, முகக்கவசம் அணிந்தபடியே வந்து உட்கார்ந்தார்கள். கவசத்தைக் கழற்ற அனுமதி கிடைத்தது 21ஆந் திகதி நண்பகலில்.

மக்களின் வழக்கம் மாறவில்லை. மாறியது மாளிகையின் உரிமை. வாரக்கணக்கில் வருமானமின்றி வாடகை கட்டிய சிறு சொந்தக்காரர் பலர் நொந்துபோயிருந்தார்கள். ஹங்கேரியிலிருந்து பதினாறு வயதளவில் வந்து, உரோமத்தோல் வியாபாரஞ் செய்து, பின் படத்தொழிலுக்கு வந்த அடோல்ப் சூக்கர் என்பவர் அப்போது 'பேமஸ் பிளேயர்ஸ்-லாஸ்கி' கம்பனியின் தலைவர். படமாளிகைச் சொந்தக்காரர் சிலர் 1917இல் ஒன்றுகூடி 'பர்ஸ்ட் நாஷனல்' என்னும் அமைப்பை நிறுவிச் சப்ளினையே தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தனர். சூக்கர் அதற்கு விடையிறுத்தார். 1919இல் ஒரு கோடி டொலருக்குப் பங்குகள் வெளியிட்டு, நாடெங்கும் மாளிகைகளை வாங்கத் தொடங்கினார். நோய் ஒன்றே இதற்குக் காரணம் என்பது மிகை, போட்டியே முதற்காரணம். எனினும் எரிகிற வீட்டிற் பிடுங்கியது இலாபம் என்பது நம்மவர் வாக்கு. 'பரமவுண்ட்' என்று பின்னாளிற் பெயர் பூண்ட அக்கம்பனியின் கையில் 1930 அளவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாளிகைகள் இருந்தன. படம் எடுப்பவனும் அவன், காட்டுபவனும் அவன் என்ற நிலை. 1948இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் இதனைக் கண்டித்துத் தீர்ப்பளித்தபின், பெருங் கம்பனிகள் தம் மாளிகைகளைக் கைவிட நேர்ந்தது.

அதற்குள் வீடு சும்மா இருக்கவில்லை. வானொலி வந்தது, 1937இல் இளம்பிள்ளை வாதத்துக்கு அஞ்சிச் சிக்காகோ நகரத்துப் பாடசாலைகள் திறக்கப்படாதபோது வானொலியிலேயே பாடம் நடத்தினார்கள். தொலைக்காட்சி வந்தது, வீடியோ நாடா வந்தது, பின்னர் இணையம். கொள்ளைநோய் எதுவும் இவற்றைக் கண்டுபிடிக்கவில்லை.

2020இல் மறுபடியும் பூட்டு விழுந்தது. முதலிற் சீனாவில், புதுவருடத்தை ஒட்டிய சனவரி நாட்களில். அப்பண்டிகைக்கென எடுத்த 'லொஸ்ட் இன் ரஷ்யா' என்ற படத்தை 63 கோடி யுவானுக்கு இணையக் கம்பனியொன்று வாங்கி இலவசமாகவே வீடுகளுக்கு விட்டது. அமெரிக்காவில் ஏப்ரல் 10ஆந் திகதி 'ட்ரோல்ஸ் வேர்ல்ட் ரூர்' என்னும் சிறுவர் படம் 19.99 டொலர் வாடகைக்கு வீட்டுக்கே வந்தது. மூன்று வாரத்துக்குள் ஏறத்தாழ 10 கோடி டொலர் சேர்ந்ததாகச் செய்தி. மாளிகையாயின் வசூலிற் பாதியளவே தயாரிப்பாளருக்கு. இதிலோ பெரும்பங்கும் அவருக்கே. சினங்கொண்ட ஏ.எம்.சி. கம்பனி, யுனிவேர்சலின் படம் எதனையும் இனி எம் திரையிற் காட்டோம் என்று சூளுரைத்தது. யூலை முடியுமுன் இருவரும் சமாதானமாயினர்: மாளிகையில் 17 நாள் ஓடினாற் போதும், பின்னர் வீட்டுக்கு விடலாம். முன்பு இந்த இடைவெளி ஏறத்தாழ மூன்று மாதம். அவ்வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தில் 1 கோடி 57 இலட்சம் பேர் புதிதாய்ச் சேர்ந்தனர். வட அமெரிக்க மாளிகைகளின் வருட வசூலோ முந்திய வருடத்தின் ஐந்திலொரு பங்களவுக்கு வீழ்ந்தது.

தமிழ்ப் படத்துக்கும் இவ்வழக்கு வந்தது. மே 29ஆந் திகதி 'பொன்மகள் வந்தாள்' மாளிகைக்கு வராமல் இணையத்தில் வெளியானது. தமிழ்நாட்டுத் திரையரங்குக்காரர் கொதித்தெழுந்தார்கள். எமது நாட்டில் ஊரடங்கு நடந்த அந்நாட்களில், அரிசி அளக்கும் கொத்தின்மேற் கைத்தொலைபேசியைச் சாய்த்துவைத்து அப்பாச்சிக்குப் பழைய படமொன்று காட்டினோம். பாதியில் அவர், "இடைவேளை எப்ப விடுவாங்கள்?" என்று கேட்டார். நாங்கள் படத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் போட்டோம். ஆனால் 2021 சனவரி 13ஆந் திகதி 'மாஸ்டர்' வெளியானபோது, பாதி ஆசனங்களையே நிரப்பலாம் என்ற விதியிருந்தும் தமிழ்நாட்டில் வாயில்கள் நெரிந்தன. எல்லா ஆசனங்களையும் நிரப்ப மாநில அரசு கொடுத்த அனுமதியை மத்திய அரசின் ஆட்சேபத்தின்பேரில் மீளப்பெற வேண்டியிருந்தது. ஸ்ட்ராண்ட் மாளிகையில் நின்ற கூட்டமே மறுபடி வந்ததுபோல எனக்குத் தோன்றிற்று.

எனவே கூட்டம் வரவில்லை என்று சொல்வதற்கில்லை. வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. வட அமெரிக்க வசூல் 2019இல் 1,100 கோடி டொலரைத் தாண்டியிருந்தது. 2023இல் 900 கோடியளவிலேயே நின்றது. 1918இல் மக்களுக்கு இல்லாத தெரிவு இப்போது அவர்கள் வீட்டுச் சுவரிலே தொங்குகின்றது.

மாளிகையின் உரிமை பற்றிய கதையும் முற்றுப்பெறவில்லை. 2020 ஓகஸ்ட் 7ஆந் திகதி, பெரும்பாலான மாளிகைகள் இருண்டுகிடந்த வேளையில், 1948ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழிவந்த கட்டுப்பாடுகளை நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றம் நீக்கியது. காலம் மாறிவிட்டது, பழைய முறையில் எவரும் இனி மாளிகைகளை வளைத்துப்போட முடியாது என்பது அதன் நியாயம். ரெக்சாஸில் தோன்றிய 'அலமோ டிராப்ட்ஹவுஸ்' என்னும் படமாளிகைக் கம்பனி, நோய்க்காலத்து நட்டத்தால் 2021 மார்ச் மாதத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2024 யூன் மாதத்தில் அதன் 35 மாளிகைகளையும் விலைக்கு வாங்கியவர்கள் சோனி படக் கம்பனியார்.